துப்பாக்கிப் பயிற்சி உயிரைக் காக்குமா? அமெரிக்க அனுபவத்திலிருந்து சில கேள்விகள், பதில்கள்

அமெரிக்காவில் மோட்டலும் பெட்ரோல் பங்க் கடையும் வைத்திருக்கும் நண்பர்கள், இரவு நேர வேலைக்குப் போகிறவர்கள், பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு மனம் பதைக்கும் பெற்றோர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் போலீஸும் இல்லை, ராணுவமும் இல்லை. சில ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வரும் சாதாரண ஆள். படித்ததையும் பழகியதையும் வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கையில் துப்பாக்கி இருந்தால் போதாதா? பயிற்சி எதற்கு?

இதற்கு என்னால் ஒரே ஒரு இரவைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். 1970 ஏப்ரல் 5, நள்ளிரவு நெருங்கும் நேரம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே நியூஹால் என்ற ஊர். சாலையில் ஒரு தம்பதியைத் துப்பாக்கி காட்டி மிரட்டிவிட்டுப் போன சிவப்பு பான்டியாக் காரை, கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படையைச் சேர்ந்த ரோஜர் கோர், வால்ட் ஃப்ராகோ இருவரும் பின்தொடர்ந்து ஓர் உணவகத்தின் வாகன நிறுத்தத்தில் மடக்கினார்கள். காரில் இருந்தவர்கள் பாபி டேவிஸ், ஜாக் ட்வினிங். இருவருமே பழைய குற்றவாளிகள்.

ஓட்டுநர் டேவிஸ் இறங்கினான். கோர் அவனைச் சோதிக்கப் போனார். ஃப்ராகோ ஷாட்கன்னை இடுப்பில் ஊன்றி, குழலை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு மறுபக்கக் கதவை நெருங்கினார். கதவு திறந்தது, ட்வினிங் சுட்டான், ஃப்ராகோ விழுந்தார். கோர் அந்தப் பக்கம் திரும்பிச் சுட்டபோது, பக்கத்திலேயே நின்ற டேவிஸைப் பார்க்கவில்லை. டேவிஸ் தன் ரிவால்வரை எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் அவரைச் சுட்டான். அந்தச் சமயத்தில்தான் ஜார்ஜ் ஆலின், ஜேம்ஸ் பென்ஸ் இருவரும் அடுத்த காரில் வந்து இறங்கினார்கள். அவர்களும் பிழைக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் வயது 23, 24. நான்கு பேரும் மணமானவர்கள். ஏழு குழந்தைகள் அப்பா இல்லாமல் போனார்கள்.

நால்வரிடமும் ரிவால்வர் இருந்தது, ரோந்து கார்களில் ஷாட்கன்னும் இருந்தது. அவர்களும் சுட்டார்கள். குற்றவாளிகள் மேல் பட்டவை சின்னச் சில்லுகள் மட்டும்தான்.

அவர்கள் பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள்தானே? அப்படியென்றால் பயிற்சியால் பயன் இல்லை என்றுதானே ஆகிறது?

எந்தப் பயிற்சி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது, வெளிச்சமான சுடுதளத்தில் அசையாமல் நின்று, காகிதக் குறியைப் பார்த்து நிதானமாகச் சுடும் பயிற்சி. திருப்பிச் சுடுகிறவன் அங்கே கிடையாது. பழகியது மென்மையான .38 தோட்டாவில். வேலைக்குப் போகும்போது பலர் போட்டுக்கொண்டது .357 மேக்னம். அதன் வெடிச்சத்தம் வேறு, இரவில் கண்ணைக் கூசவைக்கும் தீப்பிழம்பு வேறு, கையை உதறும் உதறல் வேறு. பழகாத துப்பாக்கியை வாழ்நாளின் மிக மோசமான நிமிடத்தில் முதல்முறையாகக் கையாண்டது போல்தான் அது.

ஆலின் ஷாட்கன்னில் சுடாத தோட்டா ஒன்றைத் தவறுதலாக வெளியே தள்ளிவிட்டார். அது தரையில் கிடந்தது. பென்ஸ் ஆறு தோட்டாவையும் சுட்டு முடித்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் செருகிக்கொண்டிருந்தார். ரிவால்வரை மூடும் நேரத்துக்குள் ட்வினிங் பக்கத்தில் வந்துவிட்டான்.

பென்ஸைப் பற்றி இன்றும் வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள். சுடுதளத்தில் காலி உறைகளைத் தரையில் போடாமல் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தால், சாகும் நேரத்திலும் அவற்றைப் பையில் போட்டார் என்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தடயங்கள் அதை ஆதரிக்கவில்லை. காலி உறைகள் தரையில்தான் கிடந்தன. உயிரைக் கொடுத்த ஒருவரைப் பற்றித் தவறான கதை பரவக்கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். கதை பொய்யானாலும் அதில் சொல்லவந்த எச்சரிக்கை சரியானதுதான். கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

நியூஹாலுக்குப் பிறகு அந்தப் படை, ஆபத்தான காரை மடக்கும் முறையையே மாற்றியது. காரை நெருங்கிப் போகாதே, உன் கார்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர்களை ஒவ்வொருவராக உன்னிடம் வரவழை என்பது பாடமானது. ஆறு தோட்டாவையும் ஒரே மூச்சில் போடும் ஸ்பீட்லோடர் வந்தது. சுடும் பயிற்சியே திருத்தி எழுதப்பட்டது. மற்ற ஊர்ப் படைகளும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அதற்குப் பிறகு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று கணக்கெடுக்க வழியில்லை. நிறையப் பேர் என்றே நம்புகிறேன்.

அந்த நேரத்தில் உடம்புக்கு என்னதான் ஆகிறது?

அலெக்சிஸ் ஆர்ட்வோல் என்ற உளவியலாளர், துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட 157 போலீஸ் அதிகாரிகளிடம் கேட்டறிந்ததை 2002-ல் வெளியிட்டார். 84 சதவீதம் பேருக்குச் சத்தம் மங்கிப்போனது. பக்கத்தில் வெடித்த துப்பாக்கிகூடக் கேட்காதவர்கள் உண்டு. 79 சதவீதம் பேருக்குப் பார்வை குழாய் வழியாகப் பார்ப்பது போலச் சுருங்கியது. 62 சதவீதம் பேருக்கு நேரம் மெதுவாக நகர்ந்தது. யோசிக்காமல் தானாகவே இயங்கினோம் என்றவர்கள் 74 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். நாலில் மூன்று பேர் யோசிக்காமல் இயங்கினார்கள் என்றால், அந்த நிமிடத்துக்கு முன்பே யோசித்துப் பழகிவைத்ததுதான் அங்கே வேலை செய்கிறது. விரல் நடுங்கும், சாவித்துவாரத்தில் சாவியை நுழைக்கக்கூட முடியாது. நுணுக்கமான எதையும் அப்போது நம்ப முடியாது. கோர், டேவிஸைப் பார்க்காமல் போனதும் இந்தச் சுருங்கிய பார்வையால் இருக்கலாம். அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் ஒவ்வொரு முறை சுட்டபிறகும் தலையைத் திருப்பி இடமும் வலமும் பார்க்கவைக்கிறார்கள். முதல் வகுப்பில் எனக்கு இது நாடகம் போலத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

சுடுதளத்தில் பத்துக்குப் பத்து அடிப்பவர், நிஜத்திலும் அடிப்பாரா?

மாட்டார். நியூயார்க் நகரப் போலீஸின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரை, எதிரி திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்ட குண்டுகளில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எதிரி சுடாத சம்பவங்களில்கூட 30 சதவீதம். இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பழகியவர்கள்.

மீதிக் குண்டுகள் எங்கே போகும்? 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு எதிரே, ஒரு கொலைகாரனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். அவன் இறந்தான். தெருவில் போன ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அந்தக் காயங்கள் எல்லாம் போலீஸ் சுட்டதால் வந்தவை, நேராகவோ தெறித்தோ. நெரிசலான கடையில் கல்லாவுக்குப் பின்னால் துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கிட்டத்தில் யாரும் அடித்துவிடலாம் என்கிறார்களே?

உண்மைதான். பழகாத கையும் மிகக் குறைந்த தூரத்தில் பயிற்சி பெற்றவருக்குக் கிட்டத்தட்ட இணையாக அடிக்கிறது என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த உண்மை உங்களை நோக்கி வருகிறவனுக்கும் பொருந்துமே. அவனுக்குப் பயிற்சி தேவையில்லை. அருகில் வந்தாலே போதும். ஆகவே பயிற்சி பெற்றவரின் சாதகம் தூரத்திலும் மறைவிலும்தான் இருக்கிறது.

தூரம் என்றதும் சால்ட் லேக் சிட்டி போலீஸைச் சேர்ந்த டென்னிஸ் டுல்லர் ஞாபகத்துக்கு வருவார். கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான் என்று சோதித்துப் பார்த்து 1983-ல் எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஒரு முறை சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். ஒரு நடுத்தர வீட்டு வரவேற்பறையின் நீளம்தான் 21 அடி. இதை "21 அடிக்குள் வந்தால் சுடலாம்" என்று சிலர் திரித்துச் சொல்கிறார்கள். அது தவறு. நடுவில் மேசையோ காரோ இருக்கும்படி நின்றுகொள், பின்வாங்கு, நேரத்தைச் சம்பாதி என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

காயம் பட்டுவிட்டால்?

1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர்கள் இருவரை எட்டு எஃப்.பி.ஐ. முகவர்கள் மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சுமார் 145 குண்டுகள் பறந்தன. ஜெர்ரி டவ், பென் குரோகன் இருவரும் உயிரிழந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கார்கள் மோதிய வேகத்தில் ஒருவரின் ரிவால்வர் எங்கோ போய் விழுந்தது. குரோகனின் கண்ணாடி கழன்று விழுந்தது. இன்னொருவரின் கையில் அடிபட்டதால் தோட்டா போட முடியவில்லை.

இடது கை சிதைந்துபோன எட் மிரெலெஸ், பம்ப் ஷாட்கன்னை ஒற்றைக் கையால் இயக்கிச் சுட்டார். அது தீர்ந்ததும் ரிவால்வரோடு நடந்து போய் மோதலை முடித்தார். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்கப் போலீஸ் உலகம் தோட்டாவின் வலிமையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்தது, .40 அளவுத் தோட்டாவே அதிலிருந்து பிறந்தது. என் பார்வையில் ஒற்றைக் கைப் பழக்கம்தான் பெரிய பாடம். வலது கையால் மட்டும், இடது கையால் மட்டும், தரையில் விழுந்த நிலையில் என்று பழகாதவர், முதல் அடியிலேயே மனம் விட்டுவிடுவார். அடிபட்டாலும் செய்ய இன்னும் ஏதோ இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொதுமக்கள் தடுத்து நிறுத்திய நிகழ்ச்சி உண்மையிலேயே உண்டா?

உண்டு. 2019 டிசம்பர் 29, டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட். தேவாலயத்துக்குள் ஒருவன் ஷாட்கன்னை எடுத்து இருவரைக் கொன்றான். அதில் ஒருவர் தன் துப்பாக்கியை எடுக்க முயன்ற தன்னார்வப் பாதுகாவலர். சுமார் ஆறு விநாடிக்குள் ஜாக் வில்சன் என்ற 71 வயதுக்காரர் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். வில்சன் ஆண்டுக்கணக்கில் மற்றவர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவர்.

2022 ஜூலை 17, இண்டியானாவின் கிரீன்வுட் பார்க் வணிக வளாகம். மூன்று பேரைக் கொன்றுவிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தவனை எலைஷா டிக்கன் என்ற 22 வயது இளைஞர் 40 கஜம் தள்ளி நின்று பத்து முறை சுட்டார், எட்டு பட்டன. போலீஸ் பயிற்சியோ ராணுவப் பயிற்சியோ அவருக்கு இல்லை. தாத்தா சொல்லிக்கொடுத்தது. சுடும்போதே பின்னால் இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். சான்றிதழைவிட, யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததுதான் முக்கியம் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

அப்புறம் மூன்றாவது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூன் 21, கொலராடோவின் அர்வாடா. ஒரு போலீஸ் அதிகாரியைக் கொன்றவனை ஜானி ஹர்லி என்பவர் சுட்டு வீழ்த்தினார். பிறகு அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் வந்த இன்னொரு போலீஸ்காரர், இவர்தான் கொலையாளி என்று நினைத்து ஹர்லியைச் சுட்டுக் கொன்றுவிட்டார். ஊரைக் காப்பாற்றியவர் அப்படிப் போனதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. எல்லாம் முடிந்ததும் துப்பாக்கியை உறைக்குள் வை, கையைக் காலியாகக் காட்டு, 911 என்ற அவசர எண்ணில் உன் உடை நிறத்தைச் சொல். பல வகுப்புகளில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

பயிற்சி இருந்தும் உவால்டேயில் ஏன் அப்படி நின்றார்கள்?

2022 மே 24, டெக்சாஸின் உவால்டே பள்ளி. ஒருவன் சுட்டுக் கொன்றது 19 குழந்தைகளை, இரண்டு ஆசிரியர்களை. 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தும், 77 நிமிடம் கழித்துத்தான் வகுப்பறைக்குள் போனார்கள். அந்தப் பள்ளி மாவட்டத்திலேயே இரண்டு மாதத்துக்கு முன் இதற்கான பயிற்சி நடந்திருந்தது. தாமதிக்காமல் உள்ளே போ என்பது 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு நாடெங்கும் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் அன்று பொறுப்பில் இருந்தவர்கள் அதை, கதவை அடைத்துக்கொண்டு ஒளிந்திருக்கும் ஆளைக் காத்திருந்து பிடிக்கும் விவகாரமாகக் கருதினார்கள். யார் தலைமை என்பதும் தெளிவாக இல்லை.

பத்து மாதம் கழித்து, 2023 மார்ச் 27 அன்று நாஷ்வில்லின் கவனன்ட் பள்ளியில் போலீஸ்காரர்கள் வந்ததும் உள்ளே நுழைந்தார்கள். முதல் அழைப்பிலிருந்து 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதற்குள்ளும் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேரை இழந்தோம். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்ததற்கும், இந்த நிலைமை இன்ன வகை என்று கண்டவுடன் முடிவெடுக்கும் அளவுக்குப் பழகியதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு பள்ளிகளிலும் பார்க்கிறேன்.

நல்ல பயிற்சி முதலில் எதைச் சொல்லிக்கொடுக்கும்?

சுடாமல் இருப்பதை. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு முகவரி தேடிப்போன யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் தவறான வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் பயந்துபோய் துப்பாக்கியோடு வந்து அசையாதே என்று கத்தினார். ஆங்கிலம் அவ்வளவு பழகாத பையன் நெருங்கினான். ஒரே குண்டு. ஜூரி அவரை விடுவித்தது. பையன் திரும்பி வரவில்லை. நம் பிள்ளைகளும் புது நாட்டில் இதே போலக் கதவு தட்டுகிறவர்கள்தான்.

அந்த வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போலீஸைக் கூப்பிட்டிருந்தால் போதும். துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில், உன் இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று உறுதியாகத் தெரியாமல் சுடாதே என்பது ஒன்று. மற்றவை: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது, அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இந்த நான்கையும் இன்றைய வடிவில் பரப்பியவர் ஜெஃப் கூப்பர். அரிசோனாவில் 1976-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவைக்கும், சாயக்குண்டு போட்டு நிஜ மனிதர்கள் எதிரே நடிக்கும் வகுப்பு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். என் முதல் நடிப்புப் பயிற்சியில், கைபேசி எடுத்தவரை நான் "சுட்டுவிட்டேன்". அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு தவறு எனக்கு ஆயிரம் காகிதக் குறிகளைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

அப்படியானால் வீட்டில் ஒன்று வாங்கி வைக்கலாமா?

இதற்கு நான் சட்டென்று ஆமாம் சொல்ல மாட்டேன். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் யாராவது மனம் தளர்ந்திருந்தால், பதின்வயதுப் பிள்ளை இருந்தால், திருடனைவிட அந்த ஆபத்துதான் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாங்கினால் பூட்டிய பெட்டகம் கட்டாயம். தலையணைக்கு அடியில் வைப்பது கூடவே கூடாது.

எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நண்பர் கூப்பிட்டார் என்று சுடுதளத்துக்குப் போவதற்கு முன்பும் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். விசா போய்விட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஒரு வகுப்பு போதுமா?

2024-க்குள் 29 மாநிலங்கள் அனுமதிச் சீட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல விட்டுவிட்டன. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நீங்களும் விட்டுவிடாதீர்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வேறு அறையில் தோட்டாவை வைத்துவிட்டு, வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் உறையிலிருந்து எடுக்கப் பழகுவது, ஆண்டுக்கு ஒருமுறை நூறு தோட்டா சுடுவதைவிட நல்லது. செலவும் இல்லை. கற்றது ஒன்றிரண்டு மாதத்தில் மங்கிவிடும், அது எல்லாருக்கும் நடப்பதுதான்.

துப்பாக்கியே வேண்டாம் என்று இருக்கிறேன். எனக்கு என்ன பயிற்சி?

நல்ல முடிவு, உங்களுக்கும் நிறைய இருக்கிறது. நியூஹாலில் அன்றிரவு கேரி நெஸ் என்ற வழிப்போக்கர், முன்னாள் மரைன் வீரர், காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து காயம்பட்ட ஆலினை இழுத்து மறைவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். முடியவில்லை. கீழே கிடந்த ஷாட்கன் காலி. ஆலினின் ரிவால்வரை எடுத்து அவர் சுட்டதில் சில்லுதான் டேவிஸ் மார்பில் பட்டது. அவர் முதலில் செய்யப் பார்த்தது ஆளைக் காப்பாற்றுவது.

ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், வேறு வழியே இல்லாவிட்டால் போராடு என்று அமெரிக்கப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் பிள்ளைகளோடு பேசிவையுங்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டாவது வாசல் எங்கே என்று பாருங்கள். 2015 முதல் நடக்கும் "ஸ்டாப் த பிளீட்" வகுப்புக்கு ஒரு மதியம் போய்வாருங்கள். குண்டடி பட்டவர்களில் பலர் ரத்தம் போய்த்தான் இறக்கிறார்கள், கை கால்களில் இறுக்கிக் கட்டும் கட்டுப்பட்டை (டூர்னிக்கே) ஒன்று சில நிமிடத்தில் அதை நிறுத்திவிடும். வாங்கிக் காரில் போட்டால் மட்டும் போதாது. உங்கள் இடது கையில் நீங்களே, வலது கை ஒன்றினால் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிக் கட்டிப் பாருங்கள். முதல் தடவை கட்ட வராது. நான்காவது தடவை வரும்.